பினாங்குத் தாத்தாவின் தந்தச் சிலை

கேள்வி: அண்ணாச்சி, பினாங்கில் கடை வைத்திருந்த எங்கள் தாத்தா கொண்டுவந்த சீனத்துத் தந்தச் சிலை, அப்பா காலமானபின் என்னிடம் வந்திருக்கிறது. கையில் தூண்டிலோடு நிற்கும் கிழவன், சாண் உயரம். என்ன விலை போகும்?
- வாசகி, வீரவநல்லூர்

பதில்: விலையை அப்புறம் பார்ப்போம், தங்கச்சி. முதலில் அது தந்தம்தானா? அடிப்பாகத்தைத் திருப்பி, வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டும் லென்ஸால் பாருங்கள். மெல்லிய வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டி, வலை பின்னினாற்போலத் தெரிந்தால் யானைத் தந்தம். கறுப்புப் புள்ளிகளாகப் பொடித்துளைகள் இருந்தால் எலும்பு. அச்சு ஒட்டிய கோடு தெரிந்தால் பிளாஸ்டிக் வகை. ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தச் சொல்வார்கள், கேட்காதீர்கள், பொருள்தான் பாழாகும். பழுப்பு நிறத்தை வைத்து வயதும் சொல்ல முடியாது. டீத்தண்ணீரில் ஊறவைத்தே அதை வரவழைக்கிற ஆட்கள் உண்டு.

தந்தம் என்றால் விலைப் பேச்சே கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-லும் 1991-லும் வந்த திருத்தங்களால் இந்தியத் தந்தம், ஆப்பிரிக்கத் தந்தம் இரண்டுக்குமே விற்பனைத் தடை. சீனாவிலேயே 2017 கடைசியோடு வியாபாரத்தை மூடிவிட்டார்கள்.

வாரிசாக வந்ததை 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தாத்தா, அப்பா பெயரில் உரிமைச் சான்றிதழ் ஏதும் பெட்டியில் கிடக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், வாரிசுச் சான்றிதழோடு திருநெல்வேலியில் வன அலுவலகத்துக்குப் போங்கள். இல்லையென்றால் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். "ரொக்கமாத் தாரேன், யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்று டவுனிலிருந்து எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.