எடை அதிகமுள்ள பெண்களுக்கு பிலாட்டிஸ் பலன் தருமா, நேரம்தான் வீணா?

"நேரம்தான் வீணா" என்று கேட்டிருக்கிறீர்களே, அது உங்கள் சந்தேகம் மட்டுமில்லை என்று நினைக்கிறேன். பிலாட்டிஸ் என்பது மூச்சோடு சேர்த்து மெல்ல அசைந்து வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளை வலுவாக்கும் பயிற்சி; பெரும்பாலும் பாயில்தான் செய்வோம். "பாயில் படுத்துக் காலைத் தூக்கினால் இளைத்துவிடுமா?" என்று யாரோ பக்கத்திலிருந்து கேட்டிருப்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். நான் மருத்துவரோ பயிற்சியாளரோ இல்லை, வகுப்புக்கு ஆள் சேர்க்கவும் வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எடை குறையும், கொஞ்சம். அதிக எடை உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வந்த கட்டுரையில் எடை, பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு), உடல் கொழுப்பு விகிதம் மூன்றுமே குறைந்ததாக இருக்கிறது. ஆனால் சில கிலோதான். இடுப்புச் சுற்றளவில் சொல்லும்படி மாற்றமில்லை. ஆரம்பநிலைப் பாய்ப் பயிற்சி, வேகமான நடை அளவுக்குக்கூட கலோரியை எரிக்காது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் தடுப்பு முகாமில் இருந்த ஜோசப் பிலாட்டிஸ் வளர்த்தெடுத்த பயிற்சி இது. அந்த முகாமில் யாருக்கும் இளைக்க வேண்டும் என்ற கவலை இருந்திருக்காது!

என் கதை வேறு. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கட்டிலையோ ஆளையோ பிடிக்க வேண்டும். தும்மினால் சிறுநீர் கசியும். (இதை எழுதலாமா என்று யோசித்தேன். நம்மில் பலருக்கு இருக்கிறது, யாரும் சொல்வதில்லை, எழுதிவிட்டேன்.) வகுப்பில் எல்லோரும் படுத்த நிலையிலிருந்து முதுகெலும்பை மெல்லச் சுருட்டி எழும்போது எனக்கு வயிறு குறுக்கே நின்றது. ஆசிரியை அலட்டிக்கொள்ளவில்லை. முழங்காலை மடக்கச் சொன்னார், தொடைக்குப் பின்னால் ஒரு துண்டைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார், மூச்சை விட்டுக்கொண்டே பாதி தூரம் எழுந்தால் போதும் என்றார். அந்தப் பாதியிலேயே அடிவயிற்றில் இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒரு தசை நடுங்கியது. சில மாதங்களில் எதையும் பிடிக்காமல் எழுந்தேன். கசிவு வெகுவாகக் குறைந்தது, இடுப்புத் தளத் தசைக்கும் (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்குவது) சேர்த்துப் பயிற்சி கொடுத்ததால் என்று நினைக்கிறேன். கீழ்முதுகு வலியும் அடங்கியது. வேறு உடற்பயிற்சி செய்தாலும் வலி குறைந்திருக்கும் என்று யாராவது வருவீர்கள். உண்மைதான், முதுகுவலி ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. நான் விடாமல் செய்தது இதைத்தான், அவ்வளவே.

இத்தனைக்குப் பிறகும் உறவில் ஒருவர் கேட்டது: "என்ன, பார்த்தால் ஒன்றும் தெரியலையே?"

சொல்லப்போனால் மருத்துவர்களும் அப்படித்தான். காதுவலி என்று போனேன். காதுக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே "எடையைக் குறைங்க" என்றார் அந்த டாக்டர். காதில் என்ன கொழுப்பா அடைத்திருந்தது? அடைத்திருந்தது அழுக்கு. ஒல்லியாக ஒருத்தி போயிருந்தால் முதலில் காதைப் பார்த்திருப்பார். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் இன்னும் ஆறவில்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். இரத்த அழுத்தமோ மூட்டுத் தேய்மானமோ இருந்தால் ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லுங்கள், எந்த அசைவிலும் மூச்சை அடக்காதீர்கள். இரண்டு காலையும் நீட்டித் தூக்கி இறக்கும் பயிற்சியில் முதுகு பாயை விட்டு எழும்பினால், ஒரு காலாகச் செய்யுங்கள். நடையை விட்டுவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உழைப்பை பிலாட்டிஸ் மட்டும் ஈடுகட்டாது. உங்கள் உடம்புக்கேற்ப மாற்றித் தரத் தெரியாத ஆசிரியர் கிடைத்தால் வகுப்பை மாற்றுங்கள்.