ஆறு இரவும் கோல்ஃப் ஹோட்டலிலேயேவா?

கேள்வி: எங்கள் திருமணத்தின் 35-ஆவது ஆண்டு இது. ஜூனில் ஆறு இரவுகள் பாரிஸில் தங்கப் போகிறோம். என் கணவருக்கு கோல்ஃப் என்றால் உயிர். ஊருக்கு வெளியே 'கோல்ஃப் நஷனால்' மைதானத்தை ஒட்டிய ஹோட்டலிலேயே ஆறு இரவும் தங்கலாம் என்கிறார். "நகருக்குள் தங்குவதைவிட வாடகை குறைவு, பச்சைப்பசேல் என்று இருக்கும், நீ நிம்மதியாக ஓய்வெடு" என்கிறார். எனக்கு கோல்ஃப் தெரியாது. நான் சைவம். பிரெஞ்சு ஒரு சொல்கூடப் புரியாது. மறுத்தால் அவருடைய ஆசையைக் கெடுத்ததாகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்? — வாசகி, கோவை.

பதில்:

அன்புச் சகோதரி,

ஆறு இரவும் அங்கே வேண்டாம். முதல் இரண்டு இரவுகள் அங்கே, மீதி நான்கும் பாரிஸுக்குள். இதில் அவர் ஆசை ஒன்றும் கெடாது.

அவர் ஏன் அந்த இடத்தைக் கேட்கிறார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாரிஸுக்குத் தென்மேற்கே, கியான்கூர் என்ற ஊரில், பிரெஞ்சு கோல்ஃப் கூட்டமைப்பு 1990-இல் திறந்த மைதானம் அது. சமதரையான வயல்வெளியில் பாரிஸ் பகுதிக் கட்டட வேலைகளில் தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, மேடும் பள்ளமுமாக அதை எழுப்பினார்கள். அங்குள்ள 'அல்பட்ராஸ்' என்ற 18 ஹோல் (குழி) மைதானத்தில்தான் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பை 2018-இல் நடந்தது. 16-ஆவது ஹோலில் அமெரிக்க வீரர் பில் மிக்கெல்சன் அடித்த பந்து தண்ணீரில் விழ, கோப்பை ஐரோப்பாவின் கைக்கு வந்தது. 2024 ஒலிம்பிக் கோல்ஃபும் அங்கேதான், நம் அதிதி அசோக்கும் ஆடினார். இதையெல்லாம் டி.வி.யில் பார்த்த ஒருவருக்கு அந்த 16-ஆவது ஹோலில் நின்று தானும் ஒரு பந்தை அடித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவது நியாயம்தான். அந்த ஆசைக்கு முழு மதிப்புக் கொடுங்கள். ஆனால் அதற்கு ஒரு நாள் போதும். இன்னொரு முறை ஆடவேண்டும் என்றால் இரண்டு நாள்.

உங்கள் நாளை யாராவது கணக்கில் எடுத்தார்களா என்பதுதான் என் கேள்வி. 18 ஹோல் ஆட்டத்துக்கு நாலரை மணி நேரம் ஆகும். முன்னால் பயிற்சி, பின்னால் குளியல், சாப்பாடு என்று சேர்த்தால் அவருடைய பகல் முடிந்துவிடும். அதுவரை நீங்கள் என்ன செய்வீர்கள்? சுற்றிலும் அலுவலகங்களும் குடியிருப்புகளும்தான், ரெனோ கார் நிறுவனத்தின் பெரிய ஆய்வு மையம் அந்த ஊரில்தான் இருக்கிறது. இறங்கி நடந்தால் கடைத்தெரு, காபிக்கடை என்று கண்ணில் படும் இடமில்லை. ரயில் நிலையமும் நடந்து போகிற தூரத்தில் இல்லை. பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். அந்த நிலையத்திலிருந்து பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்துக்கு 'N' லைன் ரயிலில் சுமார் 35 நிமிடம். ஈஃபில் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே இறங்க வேண்டுமானால் ஆர்.இ.ஆர். சி என்ற புறநகர் ரயில், அது இன்னும் மெதுவாகப் போகும். ஒரு நாள் போய்வரலாம். ஆறு நாளும் இதையே செய்தால், கோபுரத்தில் விளக்கு எரிகிற நேரத்தில் நீங்கள் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஜூனில் பாரிஸில் இருட்டவே இரவு பத்து மணியாகிறது என்பதை மறக்காதீர்கள்.

வாடகை குறைவு என்கிறாரே, அதையும் பார்ப்போம். விமான நிலையம் வடகிழக்கில், மைதானம் தென்மேற்கில். நகரத்தையே தாண்டிப் போக வேண்டும். ஷார்ல் தெ கோல் விமான நிலையத்தில் டாக்ஸிக்கு நிர்ணயித்த கட்டணம் பாரிஸ் எல்லைக்குள் மட்டும்தான். வெளியே போனால் மீட்டர் ஓடும். தினமும் இருவருக்கும் ரயில், பஸ், இடையிடையே டாக்ஸி என்று சேர்த்துப் பாருங்கள், மிச்சம் அதிகம் இருக்காது.

முதல் இரண்டு இரவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பயணக் களைப்பு தீர அமைதியான இடம் நல்லது. ஆட்டத்தை முதலிலேயே முடித்துவிட்டால் அவர் மனமும் நிறைந்துவிடும், அப்புறம் வரும் நான்கு நாட்களில் அவர் உங்களோடு முழுமையாக இருப்பார். கடைசியில் வைத்தால், பாரிஸ் தெருவில் நடக்கும்போதும் வானிலை ஆப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் ஆடுகிற அன்று நீங்கள் அறையில் உட்கார வேண்டாம். வெர்சாய் அரண்மனைக்குப் போங்கள். ரயிலில் கொஞ்ச நேரம்தான்; வெர்சாய் ஷான்தியே நிலையத்தில் இறங்கி இருபது நிமிடம் நடந்தால் வாசல். மொழி தெரியாதது தடையே இல்லை, பலகை எல்லாம் ஆங்கிலத்திலும் இருக்கும். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, ஆகவே அவருடைய ஆட்டம் திங்களில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை நேரம் குறித்து முன்பே வாங்கிவிடுங்கள். தோட்டத்துக்கென்று தனியாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், கூட்டம் நெரியும் கண்ணாடி மண்டபத்தைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

சாப்பாட்டைப் பற்றி: காலையில் ரொட்டி, பழம், தயிர், சீஸ் கிடைக்கும். இரவுக்குச் சைவம் வேண்டும் என்று அறை பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், மீன் சேர்க்கக் கூடாது என்பதையும் சேர்த்து. பாரிஸுக்குள் வந்துவிட்டால் கவலையில்லை. கார் து நோர் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர்களின் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன. தோசையும் கிடைக்கும், தமிழில் வழி கேட்கவும் ஆள் இருக்கும்.

அவருக்குச் சொல்ல வேண்டியவை சில. அறையைப் பதிவு செய்துவிட்டால் ஆட்டமும் உறுதி என்று நினைக்கக் கூடாது. டீ டைம் (ஆட்டம் தொடங்க ஒதுக்கும் நேரம்) தனியாக வாங்க வேண்டும். போட்டிகளுக்காகவும் பராமரிப்புக்காகவும் மைதானத்தை மூடுவதுண்டு. முதலில் மைதானத்துக்கு எழுதி, அந்தத் தேதியில் அல்பட்ராஸ் திறந்திருக்கிறதா, ஹேண்டிகேப் (ஆட்டத் திறன் அளவு) சான்று வேண்டுமா என்று கேட்கட்டும். இங்கே போல பையைத் தூக்க உதவியாளர் (caddie) வரமாட்டார், டிராலியைத் தானே இழுத்துக்கொண்டு பல கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கலாம். முழங்கால் தாங்குமா என்பதை இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. கோல்ஃப் கட்டைகளை விமானத்தில் சுமக்காமல் அங்கேயே வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள். பாரிஸ் ஹோட்டல் அறைகளிலும் லிஃப்டுகளிலும் அந்தப் பைக்கு இடமிருக்காது.

தயக்கத்தை விடுங்கள். "வேண்டாம்" என்று தொடங்காதீர்கள். "நீங்கள் ஆடும் நாளை முதலில் முடிவு செய்வோம், அதை வைத்து மற்ற நாட்களைப் போடுவோம்" என்று தொடங்குங்கள். முப்பத்தைந்து வருடம் கூட இருந்த மனிதர், உங்கள் மனதில் இருப்பதைச் சொன்னால் கேட்காமலா போவார்?

விசாவுக்கு ஆறு இரவுக்கும் தங்குமிடச் சான்று காட்ட வேண்டும். இரண்டு ஹோட்டல்களின் பதிவையும் சேர்த்து வைத்தால் போதும். ரத்து செய்தால் பணம் திரும்பும் கட்டணமாகப் பார்த்து எடுங்கள். கோடைக்கு முன் விசா நேரம் கிடைப்பது சிரமம். ஆகவே டீ டைம் கையில் வந்த அன்றே அறைகளையும் பதிவு செய்து, விசாவுக்கும் தேதி வாங்கிவிடுங்கள்.