ஞானதிருஷ்டி என்றால் என்ன? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

கண்ணுக்கு எட்டாததை, நடந்து முடிந்ததை, இனி நடக்கப்போவதை மனத்தாலேயே காணும் ஆற்றலைத்தான் ஞானதிருஷ்டி என்கிறோம். ஞானம் என்றால் அறிவு, திருஷ்டி என்றால் பார்வை. இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. வண்ணாரப்பேட்டைக் கடை வாசலில் பூசணிக்காய் கட்டுகிறார்களே, அந்தக் கண் திருஷ்டியிலும் இதே சொல்தான். அங்கே அது பொறாமைப் பார்வை, இங்கே அறிவின் பார்வை.

சொல் வெளியிலிருந்து வந்தாலும் கருத்து நமக்குப் புதிதல்ல. மூன்று காலத்தையும் உணர்ந்தவரைத் தொல்காப்பியம் ‘அறிவன்’ என்கிறது. எனக்கு இந்தச் சொல்தான் அதிகம் பிடிக்கும், எவ்வளவு எளிமை!

காலத்தை ஒருவரால் எப்படி முன்கூட்டிப் பார்க்க முடியும் என்று நம்பினார்கள்? கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நிற்பவருக்குக் கண்ணெதிரே ஓடும் பெட்டி மட்டுமே தெரியும். உயரமான மாடியில் நிற்பவருக்கோ கடந்துபோன பெட்டி, வரப்போகும் பெட்டி எல்லாமே ஒரே நேரத்தில் தெரியும். தவத்தால் மனம் அப்படியொரு உயரத்துக்குப் போகிறது, அங்கிருந்து முக்காலமும் ஒன்றாகத் தெரிகிறது என்பதே அந்த நம்பிக்கை. அறிவியல் இதை ஏற்றதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பலர் ஜோசியத்தையும் இதையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஜோசியம் பிறந்த நேரத்தையும் கிரக நிலையையும் வைத்துப் போடும் கணக்கு. ஞானதிருஷ்டியில் கட்டமும் இல்லை, கணக்கும் இல்லை.