மகளுக்கு மோல் கணக்கு மட்டும் ஏன் தப்பாகிறது?

"பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்குச் சூத்திரமெல்லாம் மனப்பாடம். ஆனாலும் வேதியியல் வீட்டுப்பாடத்தில் கணக்கு மட்டும் தப்பாகவே வருகிறது. படிப்படியாகப் போட எப்படிப் பழக்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சூத்திரம் மனப்பாடமாக இருப்பதால்தான் தப்பாகிறது என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் என்னிடம் பாடம் கேட்க வருவார்கள். கணக்கை முழுவதும் வாசிப்பதற்குள் எந்தச் சூத்திரம் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். கையில் இருப்பது என்ன, கேட்பது என்ன என்று இரண்டு வரி எழுதச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்.

எளிய கணக்கு ஒன்றைப் பாருங்கள். 250 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் எத்தனை கிராம் கால்சியம் ஆக்சைடு கிடைக்கும்? சுண்ணாம்புக் காளவாயில் நடக்கும் அதே வேலைதான். மோல் என்பது டஜன் மாதிரி ஓர் எண்ணிக்கை; அணு எடையையோ மூலக்கூறு எடையையோ கிராமில் எடுத்தால் அது ஒரு மோல். அணு எடைகள்: கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் மூன்று 16, ஆக 48. கூட்டினால் கால்சியம் கார்பனேட்டின் ஒரு மோல் 100 கிராம். அப்படியானால் கையில் இருப்பது 2.5 மோல். சமன்பாட்டில் ஒன்றுக்கு ஒன்று என்பதால் ஆக்சைடும் 2.5 மோல். அதன் ஒரு மோல் 40 + 16 = 56 கிராம். 2.5 × 56 = 140 கிராம். மீதி 110 கிராம் கார்பன் டைஆக்சைடாகப் போய்விடுகிறது. சுட்ட கல் எடை குறைந்து வருவது அதனால்தான்.

இந்தக் கணக்கை எல்லோரும் போட்டுவிடுவார்கள். ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் பல தவறுகளை மூடி மறைத்துவிடும். வண்டவாளம் வெளியே வருவது அம்மோனியாவில்தான். 28 கிராம் நைட்ரஜனையும் 3 கிராம் ஹைட்ரஜனையும் சேர்த்து, ஏதாவது ஒன்று தீரும்வரை வினை முழுமையாக நடந்தால் எவ்வளவு அம்மோனியா? (தொழிற்சாலையிலேயே ஒரே சுற்றில் முழுமையாக நடப்பதில்லை, வீட்டுப்பாடத்தில் நடக்கும்.) ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறு, கிடைப்பது இரண்டு அம்மோனியா. உடனே கை தானாக எழுதும்: 28 கிராம் நைட்ரஜனுக்கு 84 கிராம் ஹைட்ரஜன் வேண்டும் என்று. நானும் பதினொன்றாம் வகுப்பில் அப்படித்தான் எழுதினேன். ஆசிரியர் அடிக்கக்கூட இல்லை, 84-ஐ வட்டமிட்டுப் பக்கத்தில் "கிராமா, மோலா?" என்று மட்டும் எழுதியிருந்தார். அது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

சமன்பாட்டில் இருக்கும் 1, 3, 2 என்ற எண்களுக்கு எடை தெரியாது. அவை தலையை எண்ணுகின்றன, அவ்வளவுதான். ஆகவே முதலில் இரண்டையும் மோலாக்க வேண்டும். நைட்ரஜன் 28 ÷ 28 = 1 மோல். இங்கே 14-ஆல் வகுக்கிற பிள்ளைகள் உண்டு; நைட்ரஜன் இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு என்பதை மறந்திருப்பார்கள். ஹைட்ரஜன் 3 ÷ 2 = 1.5 மோல். 1 மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன் வேண்டும், இருப்பதோ பாதி. முதலில் தீர்வது ஹைட்ரஜன்தான், பாடப்புத்தகம் சொல்லும் வினைக் கட்டுப்பாட்டுக் காரணி அதுவே. இதற்குமேல் நைட்ரஜனைப் பார்க்காமல் 1.5-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மூன்றுக்கு இரண்டு என்றால் 1.5-க்கு 1 மோல் அம்மோனியா, அதாவது 17 கிராம்.

உங்கள் மகளிடம் நான் கேட்பது இரண்டுதான். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் கிராம் அல்லது மோல் என்று எழுதட்டும். வெறும் எண்ணுக்கு மதிப்பெண் இல்லை என்று நீங்களே கறாராகச் சொல்லுங்கள். சமன் செய்யும்போது முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் மாற்றட்டும். மூலக்கூறுக்குள் இருக்கும் எண்ணைத் தொட்டால் பொருளே வேறாகிவிடும்.

விடை வந்ததும் எடையைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். போன வாரம் ஒரு சிறுமி 17 என்று சரியாகவே எழுதிவிட்டு, "மாமா, 31 கிராம் போட்டோம், 17தான் வந்திருக்கிறது, மீதி எங்கே?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் நோட்டை அவள் பக்கமே திருப்பி வைத்தேன். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தவள், கீழே சின்னதாக எழுதினாள்: நைட்ரஜன் மீதி 0.5 மோல், 14 கிராம்.