அப்பாவின் சிறுநீரகத்தை என் உடம்பு தள்ளிவிடுமா?

கேள்வி: வயது 31. இரண்டு வருடத்துக்கு முன் அப்பா எனக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தார். பெண்களுக்கு எதிர்ப்பு சக்தி மரபணுக்கள் அதிக வேகமாக வேலை செய்யும், ஆணின் சிறுநீரகம் பெண்ணுக்கு நிலைக்காது என்று நெட்டில் படித்தேன். பயந்துபோய் ஒரு மாதமாக, மாற்று சிறுநீரகத்தை உடம்பு தள்ளாமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை காலையும் இரவும் அரை மில்லிகிராம் கூட்டிப் போடுகிறேன். முடி கொட்டுகிறது, முகம் உப்பலாக இருக்கிறது, கை நடுங்குகிறது. 1.1 இருந்த கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) போன வாரம் 1.4. கொஞ்சம்தான் கூட என்றார்கள் லேபில்.

பதில்: இன்றே உங்கள் சிறுநீரக மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். இன்றிரவு எவ்வளவு மாத்திரை என்பதை அவர் சொல்லட்டும். நாளைக் காலை மாத்திரையைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போய், டாக்ரோலிமஸ் லெவலுக்கு, அதாவது ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்.

1.4 என்பது லேபுக்குக் கொஞ்சம்தான். மாற்று சிறுநீரகம் வைத்திருப்பவருக்கு அப்படி இல்லை. உங்களுடைய வழக்கமான அளவிலிருந்து கால் பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. வலி இல்லையே, சிறுநீர் நன்றாகப் போகிறதே என்று இருந்துவிடாதீர்கள். நிராகரிப்பு, அதாவது உடம்பு மாற்று சிறுநீரகத்தைத் தள்ளுவது, பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் தொடங்கும்.

ஆனால் இது நிராகரிப்பு என்றும் நான் சொல்லவில்லை. டாக்ரோலிமஸ் ரத்தத்தில் அதிகமானாலும் சிறுநீரக ரத்தக்குழாய்கள் சுருங்கி கிரியாட்டினின் ஏறும், கை நடுங்கும். நிராகரிப்பு என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும், ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும். மருந்து அதிகமானதுதான் காரணம் என்றால் குறைக்க வேண்டும். இரண்டும் நேரெதிர் வைத்தியம். லெவல், ஸ்கேன், அப்பாவின் திசுவுக்கு எதிரான ஆன்டிபாடி பரிசோதனை, தேவைப்பட்டால் பயாப்ஸி (சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது), இவற்றை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். கூகுளைப் பார்த்து அரை மில்லிகிராம் ஏற்றுவதும் இறக்குவதும் கூடவே கூடாது. எனக்குக் கோபம் வருவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

நீங்கள் படித்ததில் உண்மை இல்லாமல் இல்லை. பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. அவற்றில் ஒன்று பெரும்பாலும் அடங்கியே இருக்கும், ஆனால் டிஎல்ஆர்7 போன்ற சில எதிர்ப்பு சக்தி மரபணுக்கள் சில செல்களில் இரண்டிலிருந்தும் பேசும். ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்துகொள்கிறது. லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆணின் திசுவில் ஒய் குரோமோசோம் சார்ந்த புரதங்கள் இருப்பதால் பெண்ணின் உடம்பு அவற்றை அந்நியமாகப் பார்க்கக்கூடும். சிறு வயதுப் பெண்களுக்கு ஆணின் சிறுநீரகம் வைத்தால் செயலிழப்பு சற்று அதிகம் என்று பெரிய பதிவேடுகளில் தெரிகிறது, வயது ஏற ஏற அந்த வித்தியாசம் குறைகிறது. ஆனால் இதெல்லாம் ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி, உங்கள் ஜாதகம் இல்லை. ஹெச்எல்ஏ பொருத்தமும் (கொடுப்பவர், பெறுபவர் திசுக்களின் பொருத்தம்) வேளை தவறாத மாத்திரையும் இதைவிடப் பல மடங்கு முக்கியம். அப்பா கொடுத்தது வீணாகிவிடுமோ என்பதுதான் உங்கள் பயம் என்று நினைக்கிறேன். அப்பா ஆண் என்பதால் மட்டும் அது வீணாகாது அம்மா.

முடி கொட்டுவதும் முகம் உப்புவதும் பெரும்பாலும் இந்த மருந்துகளோடு வருபவை. காலும் வீங்கினால், எடை திடீரென ஏறினால், சிறுநீர் குறைந்தால், காய்ச்சல் வந்தால் அன்றே போக வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. மாத்திரைகளில் மைகோபினோலேட் (நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்து) இருந்தால், கர்ப்பம் தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே மருத்துவர் அதை வேறு மருந்துக்கு மாற்றியிருக்க வேண்டும். அது கருவைச் சிதைக்கக்கூடும், குழந்தை குறையோடு பிறக்கவும் கூடும். மாற்றி ஆறு வாரம் ஆகும்வரை கருத்தடை அவசியம்.

போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள். படர்தாமரைக்கோ சளிக்கோ கடையில் வாங்கிய மாத்திரை, கஷாயம், பம்ப்ளிமாஸ் பழம் எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். இவற்றில் சில டாக்ரோலிமஸ் லெவலை மாற்றிவிடும். அரை மில்லிகிராம் கூட்டியதையும் மறைக்காதீர்கள். திட்டினால் திட்டட்டும். அது தெரியாமல் லெவல் ரிப்போர்ட்டைப் பார்த்தால் அவர் தவறான முடிவுக்குப் போய்விடுவார்.