ஏரியில் பச்சைப் படலம்: கேட்டவர்களுக்குப் பதில்

வெயில் ஏற ஏற, வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து ஏரிகள் பச்சையாவதைப் பற்றிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பாசியியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கழிஞ்சூர்: போன வாரம் ஏரி நன்றாகத்தான் இருந்தது. இன்று காலையில் கரையோரம் முழுக்கப் பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல இருக்கிறது. யாராவது எதையாவது கொட்டிவிட்டார்களா சார்?

ஒரே ராத்திரியில் யாரும் கொட்டியிருக்க மாட்டார்கள் அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது நீலப்பச்சைப் பாசி, அதாவது சயனோபாக்டீரியா. நம் ஏரிகளில் அதிகம் தலைகாட்டுவது மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகை. அதன் செல்லுக்குள் காற்று நிரம்பிய நுண்ணிய குழல்கள் உண்டு. பல நாளாக நீருக்குள் பரவலாகப் பெருகிக்கொண்டிருந்தவை, காற்றில்லாத காலையில் மொத்தமாக மேலே வந்துவிடும். பிறகு லேசாகக் காற்று அடித்தால் போதும், எல்லாம் ஒரு கரையில் ஒதுங்கும். உங்களுக்கு ஒரே நாளில் வந்ததுபோலத் தெரிவது அதனால்தான்.

உறுதி செய்ய ஒரு வழி. நீளமான குச்சியை விட்டு எடுங்கள். நூல் நூலாகத் தொங்கினால் அது சாதாரணப் பச்சைப் பாசி. குச்சியில் பூசியதுபோல ஒட்டினால் சந்தேகப்படலாம். கரையில் காய்ந்து கிடக்கும் ஓரத்தையும் பாருங்கள். அழுகும் சயனோபாக்டீரியாவிலிருந்து நிறமி கசியும்போது அந்த ஓரம் வெளிர் நீலமாகத் தெரியும். வேறு பாசிகளில் அந்த நீலம் வராது. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

குடியாத்தம்: ஆடுகள் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

கூடாது. படலம் ஒதுங்கிய கரைப்பக்கம் ஓட்டவே ஓட்டாதீர்கள் அண்ணா. ஆடு தண்ணீர் குடிப்பது கரையோரத்தில். நஞ்சு செறிந்து கிடப்பதும் அங்கேதான். இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமும் இல்லை. 1878-லேயே தெற்கு ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் இப்படி ஒதுங்கிய படலத்தைக் குடித்து ஆடு, குதிரை, நாய் எல்லாம் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 'நேச்சர்' இதழில் எழுதினார். எல்லாப் படலத்திலும் நஞ்சு இருக்கும் என்றில்லை. ஆனால் எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. வீட்டுத் தொட்டியில் தண்ணீர் காட்டிவிட்டு மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள்.

சத்துவாச்சாரி: கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடும்தானே?

ஆகாது. மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நஞ்சு கொதிநிலையைத் தாங்கும். போதாததற்கு, கொதிக்கும்போது செல்கள் உடைந்து உள்ளே இருக்கும் நஞ்சும் நீரில் கலந்துவிடும். குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில் டயாலிசிஸ் நிலையம் ஒன்றுக்கு வந்த நீரில் இந்த நஞ்சு இருந்ததால் 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். டயாலிசிஸுக்காக எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து தங்கும் ஊர் நம்முடையது. நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில் தவறே இல்லை.

பேரணாம்பட்டு, பதினோராம் வகுப்பு மாணவி: இவ்வளவு கெட்டது என்றால் இயற்கை இதை எதற்கு வைத்திருக்கிறது?

நல்ல கேள்வி கண்ணு. முதலில் 'கெட்டது' என்ற முடிவையே கொஞ்சம் ஓரமாக வை. நீ இப்போது இழுக்கும் மூச்சுக்கு வழி செய்தது இந்த உயிர்தான். ஆதியில் பூமியின் காற்றில் ஆக்ஸிஜன் இல்லை என்றே சொல்லலாம். தண்ணீரைப் பிளந்து ஆக்ஸிஜனை வெளியே விடும் ஒளிச்சேர்க்கையைத் தொடங்கியது சயனோபாக்டீரியா. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்ஸிஜன் சேர ஆரம்பித்தது அதனால்தான். அப்புறம் ஒரு சயனோபாக்டீரியா வேறொரு செல்லுக்குள் குடிபுகுந்து அங்கேயே தங்கிவிட்டது. வேப்பிலையிலும் நெற்பயிரிலும் பச்சையாக இருக்கும் பசுங்கணிகம் அதன் வழித்தோன்றல். இன்றும் கடலில் புரோக்ளோரோகாக்கஸ் என்ற மிகச் சிறிய வகை கோடிக்கணக்கில் மிதந்து ஆக்ஸிஜன் தந்துகொண்டிருக்கிறது.

ஏரியில் அளவோடு இருக்கும்போது இது உணவுச் சங்கிலியின் அடிப்படைகளில் ஒன்று. ஜிலேபி கெண்டை இதைத் தின்னும். ஆப்பிரிக்காவின் உப்பேரிகளில் சிறு பூநாரைகள் பெரும்பாலும் ஸ்பைருலினா என்ற சயனோபாக்டீரியாவைத் தின்றே வாழ்கின்றன. கோளாறு எங்கே வருகிறது என்றால், ஒரே வகை மட்டும் கட்டுமீறிப் பெருகும்போதுதான். அந்தப் பெருக்கத்துக்குத் தீனி போடுவது நாம்.

ஆற்காடு: எங்கள் வயலிலும் இதே பாசியைப் போடச் சொல்கிறார்கள். விஷம் என்கிறீர்களே?

ஒரே குடும்பம், வேறு ஆள். வயலுக்குத் தருவது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கும் அனபீனா, நாஸ்டாக் போன்ற வகைகள். உரம் போடாமலே நம் நாட்டு நெல் வயல்கள் காலங்காலமாக விளைந்துகொண்டிருந்ததற்கு இவையும் ஒரு காரணம் என்று பி. கே. டே என்ற அறிஞர் 1939-லேயே காட்டினார். மைக்ரோசிஸ்டிஸுக்கு அந்த வேலை தெரியாது. எக்டேருக்கு 10 கிலோ, நடவு செய்து 10 நாள் கழித்து, மெல்லிசாகத் தண்ணீர் கட்டிய நிலையில் தூவுங்கள். ஏரிப் படலத்தை வாரி வயலில் போடுவது மட்டும் வேண்டாம்.

காவேரிப்பாக்கம், மீன் குத்தகைதாரர்: விடியற்காலையில் மீன் செத்து மிதக்கிறது. மயில்துத்தம் போடலாமா?

மயில்துத்தம் போட்டால் பாசி சாகும், உண்மைதான். ஆனால் மொத்தமும் ஒரே நேரத்தில் செத்து உடைந்து, உள்ளே இருந்த நஞ்சு நீருக்கு வந்துவிடும். அழுகும்போது மீதி ஆக்ஸிஜனும் போய்விடும். செம்பு சேற்றில் தங்கிப்போகும். வேண்டாம் அண்ணா.

மீன் பெரும்பாலும் நஞ்சால் சாகவில்லை, மூச்சு முட்டித்தான் சாகிறது. பகலில் ஆக்ஸிஜன் விடும் அதே பாசி, ராத்திரியில் அதை எடுத்துக்கொள்ளும். விடியலுக்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே காற்றடிக்கும் கருவியைப் போடுங்கள், முடிந்தால் புது நீர் விடுங்கள், தீவனத்தை நிறுத்துங்கள். படலம் இருக்கும் நாட்களில் பிடித்த மீனின் குடல், ஈரல் எதையும் யாரும் சாப்பிடக் கூடாது. மீனில் மண்வாடை அடிக்கிறது என்று வியாபாரி சொல்வதற்கும் இந்தப் பாசிதான் காரணம். ஜியோஸ்மின் என்ற பொருளை விடுகிறது.

வாலாஜா: அப்படியானால் நிரந்தரத் தீர்வு என்ன?

பாசிக்குத் தீனியாகும் பாஸ்பரஸ் ஏரிக்கு வருவதை நிறுத்துவது. 1973-இல் கனடாவில் ஒரு சிறு ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பன், நைட்ரஜன் போட்டார்கள். பாஸ்பரஸ் ஒரு பக்கம் மட்டும். அந்தப் பக்கம் மட்டும் பச்சையாகிப்போனது. டேவிட் ஷிண்ட்லர் நடத்திய இந்தச் சோதனையின் வானப்படத்தைப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் வாதாடவே மாட்டார்கள்.

நம் ஏரிக்குப் பாஸ்பரஸ் வருவது சாக்கடையிலிருந்து, சோப்புத் தூளிலிருந்து, வயலில் அதிகமாகப் போட்ட டிஏபியிலிருந்து. வரத்துக் கால்வாயில் சாக்கடை கலக்கும் இடத்தை அடைக்காமல், ஆள் வைத்து மேலே இருக்கும் படலத்தை மட்டும் அள்ளுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்து வண்டல். பல ஆண்டுப் பாஸ்பரஸ் அதில்தான் படிந்திருக்கிறது, மைக்ரோசிஸ்டிஸும் அங்கேயே பதுங்கியிருந்து அடுத்த கோடையில் எழும்பும். ஏரி வற்றும்போது அனுமதி வாங்கி விவசாயிகள் வண்டல் எடுப்பது இரண்டு பக்கமும் லாபம். ஆனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் கழிவுநீர் இறங்கிய ஏரி என்றால், குரோமியம் சோதித்துப் பார்க்காமல் அந்த மண் வயலுக்குப் போகக் கூடாது.

அணைக்கட்டு: மழை வந்தால் போய்விடுமா?

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து ஏரி கோடி போனால் பெரும்பகுதி அடித்துக்கொண்டு போகும். முதல் மழை மட்டும் பெய்து நின்றுவிட்டால் நிலைமை மோசமாகும். தெருக்கழிவை எல்லாம் அதுதான் ஏரிக்குக் கொண்டுவரும்.

திருவலம், பள்ளி ஆசிரியை: பிள்ளைகளுக்கு இதைக் காட்ட ஆசை. ஏரித் தண்ணீரைக் கொண்டுவரலாமா?

ஏரித் தண்ணீர் வேண்டாம் டீச்சர், நீரில் மிதக்கும் அசோலா என்ற சிறு பெரணி போதும். மாட்டுத் தீவனத்துக்கு வளர்க்கிறவர்களிடம் கேட்டால் ஒரு கைப்பிடி கொடுப்பார்கள். ஓர் இலையைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு நீர் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடியை வைத்து விரலால் நசுக்குங்கள். இலைக்குள் குடியிருக்கும் அனபீனா வெளியே வரும். வளைந்து வளைந்து செல்லும் செல் வரிசையில், இடையிடையே சற்றுப் பெரிதாக, வெளிறிப்போய், தடித்த சுவரோடு ஒரு செல் தெரியும். நைட்ரஜன் பிடிப்பது அதுதான். அந்த வேலைக்கு ஆக்ஸிஜன் ஆகாது என்பதால்தான் அவ்வளவு தடித்த சுவர். நுண்ணோக்கியில் 40 மடங்கு லென்ஸ் இருந்தால் நன்றாகவே தெரியும். பின்வரிசைப் பிள்ளைகளுக்கும் முறை வரும்படி இரண்டு தகடு தயார் செய்துகொள்ளுங்கள்.