ஊற்றுத் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

எங்கள் அப்பத்தா 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். ‘எல்லாம் ஆண்டவன் போட்ட கணக்கு’ என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. கணக்கே இல்லை, நம் நினைப்புகூட மூளை நரம்பில் ஓடும் மின்சாரம்தான் என்றால், நான் எதற்காக விடியுமுன் எழுந்து கடலுக்குப் போக வேண்டும்?

ச., பாம்பன்

அன்புள்ள தம்பி,

இரண்டு நாளாக உங்கள் கடிதம்தான் மனதில் ஓடுகிறது. அந்தப் புயலில் கணக்கு இருந்ததாக நானும் நினைக்கவில்லை. காற்றழுத்தம் இறங்கியது, கடல் ஏறியது, ஆட்களோடு ரயிலையும் கொண்டுபோனது. ஆனால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அப்பத்தா மிச்சமிருந்த பிள்ளையை ஆளாக்கினார். சொல்லை நீங்கள் விட்டுவிடலாம். ஆளாக்கியது அவர்தானே!

தனுஷ்கோடியில் ஊற்று தோண்டுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். நான் முதல்முறை பார்த்தபோது நம்பவில்லை. இரண்டு பக்கமும் கடல். நடு மணலில் ஓர் அம்மா கையால் குழி பறித்து, சிரட்டையில் மொண்டு கொடுத்தார். நல்ல தண்ணீர்! மழைநீர் மணலில் இறங்குகிறது. கடல்நீரைவிட நாற்பதில் ஒரு பங்கு போல எடை குறைவு என்பதால் உப்புநீருக்கு மேலே தங்கி நிற்கிறது. அவ்வளவுதான். நமக்குத் தாகம் எடுக்குமே என்று யாரும் அதை அங்கே வைத்துவிட்டுப் போகவில்லை. ஆனாலும் குடித்தால் தாகம் அடங்குகிறது. ரொம்ப ஆழம் போனால் உப்பு ஏறிவிடும். எந்த அளவில் கையை நிறுத்த வேண்டும் என்பது அந்த அம்மாவுக்கு அவருடைய அம்மா காட்டிக்கொடுத்தது.

‘மின்சாரம்தான்’ என்கிறீர்கள். அந்தத் ‘தான்’ எனக்கு ஒப்பவில்லை. தனியாக ஒரு நரம்பணுவுக்குத் தாகமும் தெரியாது, மகளும் தெரியாது. சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் சேர்ந்த இடத்தில், ‘பின்னால் வருகிறவளுக்கும் தண்ணீர் வேண்டுமே’ என்று ஒரு நினைப்பு வருகிறது. யாரும் திட்டம் போடாமலே இது வந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அதனால் எனக்கு அதன் மேல் மதிப்பு கூடத்தான் செய்கிறது.

சரி, கடலுக்கு யாரோடு போகிறீர்கள் என்று எழுதவில்லையே. நாட்டுப்படகில் உங்களோடு ஒருவராவது இருப்பார். நீங்கள் வராத அன்று அவர் கரையில் எவ்வளவு நேரம் காத்து நிற்பார்? அடுத்த கடிதத்தில் அவரைப் பற்றி எழுதுங்கள். அப்புறம், அப்பத்தாவின் அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரும் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், அதையும்.